தென்னூர் மாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வருஷம்

தெருக்குழாயில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற டீச்சர், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவதற்குள் நானே குடத்தை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

"என்னங்க டீச்சர், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. ஆயா போயிட்டா."

அவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்றரை மாதத்தில் ஒரு பையன். கணவருக்குப் புதுக்கோட்டையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியற்காலை போய்விடுவார். டீச்சருக்குத் தாயார் இல்லை. பிரசவ லீவு அந்த வாரத்தோடு முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயா நாலாவது நாளே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

"வேலையை எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். "எங்க அப்பா என்னைப் படிக்க வைக்கப் பட்ட பாட்டை நினைச்சாத்தான் அழுகை வருது."

"என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்தவள், "பேச்சை அப்புறம் வச்சிக்கங்க, தண்ணி நின்னுடும்" என்று அதட்டினாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கு அங்கே ஸ்டோர்ஸில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நாங்கள் வையம்பட்டியிலிருந்து வந்து தென்னூரில் ஒரு மாடியில் குடியிருந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. பகல் முழுக்க எனக்கு இருந்த வேலை, அரிசியில் கல் பொறுக்குவது, பொறுக்கிய அரிசியில் மறுபடியும் கல் தேடுவது. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஊரில் என் இடுப்பில் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ இல்லாமல் நான் நடந்த ஞாபகமே கிடையாது. ஐந்து பேரை அப்படி வளர்த்திருக்கிறேன். அதைத்தான் என் தகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

கணவரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது பயந்துகொண்டே சொன்னேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து, கூடத்து உத்திரத்திலிருந்த கொக்கியில் தூளி கட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அதற்குள் ஏறி உட்கார்ந்தார்.

"ஆட்டு" என்றார்.

"என்னங்க இது, அசிங்கமா!"

"கொக்கி தாங்குமான்னு பாக்க வேண்டாமா? ஆட்டுன்னா ஆட்டு."

ஆட்டினேன். உத்திரம் ஒரு தடவை முனகியது. காரைத்தூள் கொஞ்சம் அவர் தலையில் உதிர்ந்தது. "நானே விழலை, அது எங்க விழப்போவுது" என்று இறங்கிப் போய்ப் படுத்துவிட்டார். அவருடைய சம்மதம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு டீச்சர் வந்தார். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் துணிப் பை. பையில் மாற்றுத் துணிகள், பாலாடை, கிலுகிலுப்பை, ஒரு சின்ன மாதா படம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க, தூளி பக்கத்துல இதை மாட்டலாமா?" என்றார். எங்கள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி இருந்தது. அதில் மாட்டினேன். அவர் படியிறங்கும்வரை சிரித்தமுகமாக இருந்த பையன், தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஆரம்பித்தான்.

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. தோளில் போட்டேன், தூளியில் போட்டேன், காக்கா காட்டினேன். காய்ச்சி ஆற வைத்த பாலைப் பாலாடையில் கொடுத்தால் துப்பினான். ஒன்பதரைக்கு எனக்கே அழுகை வந்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்த பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போது படியேறி வந்தார் பாயம்மா. கீழ்வீட்டுக்காரர், வீட்டுச் சொந்தக்காரர். அவர் கணவருக்குப் பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை. பிள்ளைகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுப் பாயம்மாவும் தையல் மிஷினுமாகக் கீழே இருந்தார்கள். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவர் முக்காடு வாசலில் தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஏம் புள்ள, யாரு வீட்டுப் புள்ள இது? ஓடு பறக்குற மாதிரி அழுவுது?"

சொன்னேன்.

"கேக்காம கொள்ளாம இதெல்லாம் செய்யறதா? நாளைக்கு நாலு புள்ளை வரும், நாளன்னைக்குப் பத்து வரும். இது குடித்தனக்கார வீடா, மாட்டுப்பட்டியா?" என்று சொல்லிவிட்டுக் கோபமாக இறங்கிப் போனார். போன வேகத்தில் மிஷினில் உட்கார்ந்து கடகடவென்று மிதித்தார். அந்தச் சத்தம் மாடிவரை அதிர்ந்தது.

பையன் அழுகையை நிறுத்திவிட்டான்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி கண்ணை அகல விரித்தான். மிஷின் நின்றது. வாயைத் திறந்தான். மிஷின் ஓடியது. வாயை மூடினான். மூன்று முறை இப்படி ஆனதும் நான் வெட்கத்தை விட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போய் மிஷின் பக்கத்தில் நின்றேன்.

"பாயம்மா, கோவிச்சிக்காதீங்க. நிறுத்தாமத் தைங்க."

பாயம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு ஒரு தலையணை உறையின் விளிம்பு முழுவதையும் தைத்தார். அது முடிவதற்குள் பையன் என் தோளில் தூங்கிப்போனான்.

விஷயம் சாயங்காலம் டீச்சர் வந்து சொன்னபோதுதான் விளங்கியது. அவர் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் மாவு மில். காலையிலிருந்து ராத்திரிவரை ஓடும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கியவனுக்கு எங்கள் மாடியின் அமைதி பயமாக இருந்திருக்கிறது.

"அப்ப இதுக்காக நான் தினம் தைக்கணுமா?" என்றார் பாயம்மா. தைத்தார். அந்த மாதத்தில் அவர் தைத்த ஜாக்கெட்டும் தலையணை உறையும் அவருடைய மூன்று மகள்கள் வீட்டுக்கும் போய், மிச்சம் எனக்கும் இரண்டு வந்தன. ஒரு வாரத்தில், "அந்தப் பயலை இன்னும் எறக்கலியா? மிஷின் சும்மா கெடக்குதே" என்று கீழேயிருந்து குரல் வரத் தொடங்கியது.

மத்தியான இடைவேளைக்குக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன், டீச்சர் பால் கொடுப்பதற்காக. பத்து நிமிஷ நடை. ஒரு கையில் குடை. வாட்ச்மேன் முதல் நாள் உள்ளே விடமாட்டேன் என்றார். மூன்றாவது நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டீச்சர்கள் ஓய்வெடுக்கிற அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். குழந்தையைக் கை மாற்றி மாற்றி வாங்குவார்கள். நான் தினமும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, திருஷ்டிப் பொட்டு வைத்து எடுத்துப்போவேன். பொட்டு வைக்கலாமா என்று டீச்சரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். "கன்னத்துல வேணாம், உள்ளங்கால்ல வைங்க" என்று சிரித்தார். குழந்தை கொழுகொழுவென்று ஆகிக்கொண்டு வந்தது. எனக்கு விளம்பரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கன்னங்கள்தான்.

ஒருநாள் அந்த அறையில் இருந்த தமிழ் டீச்சர் என்னிடம் கேட்டார். "எனக்கும் ரெண்டு வயசுல பொண்ணு இருக்கு. இப்ப நாத்தனார் பாத்துக்கறாங்க, அவங்களுக்குக் கல்யாணம் கூடிடுச்சு. உங்ககிட்ட விடலாமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "தாராளமா விடுங்க" என்றேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இல்லீங்க."

அவர் கையிலிருந்த குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். மறுநாள் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டே என்னிடம் சொன்னார், "அவங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறாங்களாம்." அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. பெறாதவளுக்கு வளர்க்கத் தெரியுமா என்பது அதில் பாதி. மீதிப் பாதியை எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. வளைகாப்புக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது புரியும்.

அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. கணவர் வந்து பார்த்தார். என்ன என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போய் இட்லியும் சாம்பாரும் வாங்கி வந்தார். நான் சாப்பிட ஆரம்பித்த பிறகு கேட்டார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டீச்சர் யாரு?"

"மதர்னு சொல்வாங்க. கன்னியாஸ்திரீ."

"எத்தனை பிள்ளைங்களைப் பாத்துக்கறாங்க?"

"இருக்கும், ஆயிரம்."

"அவங்க பெத்தது எத்தனை?"

எனக்கு இட்லி புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சிரிக்காமல் இன்னும் இரண்டு இட்லியை என் தட்டில் வைத்தார்.

மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னேன். டீச்சருக்கு அடக்க முடியவில்லை. பால் கொடுத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, குழந்தை கோபித்துக்கொண்டு கத்தியது. அவர் போய் அறையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். மதர் காதுவரை போய் மதரும் சிரித்ததாகக் கேள்வி. அது நிஜமோ பொய்யோ, அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமிழ் டீச்சர் தன் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படியேறி வந்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தேங்க..." என்று ஆரம்பித்தார்.

"வாங்க, காபி சாப்பிடுங்க" என்றேன். அந்தப் பேச்சை இரண்டு பேருமே முடிக்கவில்லை. பெண் அதற்குள் தூளியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் முடிந்து டீச்சர் கவரில் வைத்துக் கொடுத்த பணத்தில் ஒரு டைம்பீஸ் வாங்கினேன். அதுவரை நகராட்சிச் சங்கையும் பள்ளிவாசல் பாங்கையும் வைத்துத்தான் நேரம் பார்த்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக வந்தவன் ஸ்ரீரங்கத்துப் பையன். இரண்டரை வயது. அம்மாவுக்குத் தந்தி ஆபீஸில் வேலை. வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள், ஆனால் மாமியாருக்கு மூட்டுவலி. இவன் பின்னால் ஓட முடியவில்லை. தமிழ் டீச்சர் சொல்லிக் கேள்விப்பட்டு அவன் அம்மா வந்தார். தினமும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வந்து இறங்குவார். பையனுக்கு நெற்றியில் சின்னதாக ஒரு நாமம், தோளில் ஒரு கூஜா, அதில் அவனுக்கான தண்ணீர்.

"தப்பா எடுத்துக்கப்படாது. இந்த டிபன் கேரியர்ல இருக்கறதைத் தவிர வேறெதுவும் தரவேண்டாம். எங்காத்துல கொஞ்சம் ஆசாரம் ஜாஸ்தி" என்றார்.

"அப்படியே செய்யறேங்க" என்றேன். செய்தேன். அவன் சாப்பாட்டில் ஒரு பருக்கை மாறவில்லை. ஆனால் காதுக்குப் போகிறதை டிபன் கேரியரில் பூட்டிவைக்க முடியாதே.

பையனுக்குத் தையல் மிஷின் என்றால் உயிர். சாப்பிட்ட நேரம் போக மற்ற நேரமெல்லாம் பாயம்மா காலடியில்தான். பாயம்மாவுக்கு ஒரு வழக்கம். எதைத் தொடங்கினாலும் 'பிஸ்மில்லா' என்பார். ஊசியில் நூல் கோர்க்க, மிஷின் மிதிக்க, படியேற, கதவு திறக்க, எல்லாவற்றுக்கும். அவரே அறியாமல் வருகிற சொல். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கூஜாவைத் திறக்கும்போது சொல்லுவான், சட்டைப் பொத்தானைப் போடும்போது சொல்லுவான். இது பஸ்ஸேறி ஸ்ரீரங்கம்வரை போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலை அவன் அம்மா பையன் இல்லாமல் தனியாக வந்தார். முகம் சரியாக இல்லை.

"நேத்தி ராத்திரி பெருமாளுக்கு அமுது கண்டருளப் பண்ணிட்டு எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். இவன் முதல் பிடிச் சாதத்தை எடுத்துண்டு சத்தமாச் சொல்றான், 'பிஸ்மில்லா'ன்னு. மாமியார் எழுந்து உள்ள போயிட்டார். இனிமே அனுப்பப்படாதுன்னு சொல்லிட்டா. நான் லீவு போடத்தான் ஆபீஸ் போயிண்டிருக்கேன்."

பாயம்மாவுக்குச் சொன்னபோது அவர் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். "நான் சொல்லிக்கொடுக்கலியே புள்ள" என்றார். அன்று முழுக்க மிஷின் ஓடவில்லை. டீச்சர் பையன்கூட அழாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாவது நாள் காலை, பஞ்சகச்சமும் பன்னிரண்டு நாமமுமாக ஒரு பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தோளில் பேரன். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையரானவர் என்று பையனின் அம்மா சொல்லியிருந்தார். கொடி பிடிக்கிற தோரணை அப்படியே இருந்தது. கண்ணாடி போடாததால் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். நான் படியிறங்கி வருவதற்குள் பையன் வழுக்கி இறங்கி, பாயம்மா வீட்டுக்குள் ஓடி, மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

நான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் பாயம்மா நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பார்த்துப் பேசினார்.

"குழந்தை ஒரு வார்த்தை சொல்றான். அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டுண்டு போகலாம்னு வந்தேன்."

திரைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஆண்டவன் பேரைச் சொல்லித் தொடங்கறோம்னு அர்த்தங்க. என் வாயில தானா வர்றதுங்க. பச்சப் புள்ளைக்கு நான் எதுவும் சொல்லிக்குடுக்கலை. ஆண்டவன் மேல ஆணை."

பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பேரன் பக்கம் பார்த்தார்.

"அர்த்தத்துல தோஷமில்லை" என்றார் கடைசியில். "நாங்களும் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கறோம். இவன் எங்காத்துப் பேரையும் சேர்த்துச் சொன்னா எனக்குப் போறும்." பிறகு குரலை இறக்கி என்னிடம், "மூணு நாளா ஆத்துல எல்லாருமாச் சேர்ந்து பார்த்துண்டோம்மா. முடியலை. நேத்தி என் மூக்குக்கண்ணாடியைக் கிணத்துல போட்டுட்டான். அதுக்கு முந்தின நாள் பூஜை மணியை."

திரை குலுங்கியது. பாயம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுவிட்டார். பெரியவர் மீசையில்லாத உதட்டைக் கடித்துக்கொண்டார்; ஆனால் அவருக்கும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து பாயம்மா நூல் கோர்க்கும்போது தன்னுடையதைச் சொல்லிவிட்டு, "நீ உன்னோடதைச் சொல்லு" என்பார். பையன் 'பிஸ்மில்லா நாராயணா' என்று ஒரே மூச்சில் சொல்லுவான். வீட்டுக்குப் போனால் இரண்டாவதை மட்டும் சொல்லப் பழகிவிட்டான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் நம்மைவிடச் சுலபமாக வரும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவன் பாட்டி கடைசிவரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் அவன் வந்ததும் கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீர் தலையில் ஊற்றித்தான் உள்ளே விடுவாராம். பையனுக்குத் தண்ணீர் பிடிக்கும். அதனால் யாருக்கும் சண்டையில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் ஆறு பேர் ஆனார்கள். ஒரு நர்ஸின் பெண், தபாலாபீஸ் அம்மாவின் இரண்டு பிள்ளைகள் என்று ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். மாடி போதவில்லை. ஒருநாள் பாயம்மாவே தன் பின்கட்டுக் கூடத்தைக் காலி செய்து பாய் விரித்தார். "பத்துப் புள்ளை வரும்னு அன்னைக்கே சொன்னேன்ல? எடம் பண்ணாம என்னா செய்யறது?" என்றார், ஏதோ நான்தான் இடம் தராமல் இருந்த மாதிரி.

டீச்சர் வீட்டுப் பையனுக்குப் பதினோரு மாதம். ஒரு புதன்கிழமை, மூன்று மணி இருக்கும். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். கையை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று அடி வைத்து என் மடியில் வந்து விழுந்தான்.

நானும் பாயம்மாவும் சத்தம் போடாமல் வாயைப் பொத்திக்கொண்டோம். மறுபடி நிறுத்தினோம், மறுபடி நடந்தான். பாயம்மா தன் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க ஆத்தாகிட்ட இப்பச் சொல்லாத புள்ள" என்றார்.

"ஏன் பாயம்மா?"

"பெத்தவ பாக்கறதுதான் மொத நடை. நாம பாத்தது கணக்குல சேராது."

அது எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் டீச்சர் வந்தபோது நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வியாழனும் வெள்ளியும் அப்படியே. அவன் இதற்குள் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தான். டீச்சர் வருகிற நேரம் பார்த்து நான் அவனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்வேன். சனிக்கிழமை என்னோடு தெருவில் போகும்போது டீச்சரைப் பார்த்த என் கணவர், "பையன் நல்லா நட..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, "...நல்லா நடந்துக்கறான், தொந்தரவே இல்லை" என்று முடித்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே டீச்சர் ஓடி வந்தார். தலைகூடச் சரியாகப் பின்னவில்லை.

"நேத்து கோயில்லேர்ந்து வந்ததும் நடந்துட்டான்ங்க! அவங்க அப்பாவும் இருந்தாரு, ரெண்டு பேரும் பாத்தோம். நாலு அடி! முதல் தடவையே நாலு அடி!"

"அப்படியா!" என்றேன். பாயம்மா உள்ளேயிருந்து, "மாஷா அல்லா! எங்க, நடக்கச் சொல்லுங்க, நாங்களும் பாக்குறோம்" என்றபடி மிஷினை விட்டு எழுந்து வந்தார்.

டீச்சர் அவனைத் தரையில் நிறுத்தினார். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தினமும் போகிற வழியில், கூடத்தின் மறு மூலைவரை விறுவிறுவென்று நடந்து போனான்.